சக்கர மரையாணி

சக்கர மரையாணி என்பது தானுந்தின் சக்கரத்தை அச்சின் முனையிலுள்ள குடத்துடன் இறுக்கிப் பிடிக்கும் எஃகு ஆணி ஆகும். பணிமனைகளில் இது வீல் ஸ்டட் அல்லது வீல் போல்ட் என வழங்கப்படுகிறது. ஒரு சக்கரத்துக்குப் பொதுவாக நான்கு, ஐந்து அல்லது ஆறு மரையாணிகள் வட்டமாக அமைந்திருக்கும். தடிப்பான சக்கரமோ, சக்கரத்துக்கும் குடத்துக்கும் இடையில் ஓர் இடைத்தட்டோ பொருத்தப்படும்போது பழைய ஆணியின் நீளம் போதாமற் போகிறது. அப்போது நீளமான மரையாணியைப் பொருத்த வேண்டியுள்ளது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிப்போரும், போடிநாயக்கனூருக்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளில் ஓடும் ஜீப்புகள் போன்ற மலை வாகனங்களைப் பராமரிப்போரும் எதிர்கொள்ளும் வேலை இது.

பெயரும் உறுப்புகளும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள, ஆரக்கால்கள் செருகப்படும் மரத் துண்டுக்குக் குடம் என்று பெயர். அதே இடத்தில் தானுந்தில் உள்ள உறுப்பு (ஹப்) இக்கட்டுரையில் குடம் என்றே குறிக்கப்படுகிறது. ஆணியின் மேல் சுருளாக வெட்டப்பட்ட வரி மரை எனப்படும். ஆணியின் மேல் திருகப்படும் உறுப்பு சுரை. பேச்சு வழக்கில் நட்டு.

மரையாணிக்கு மூன்று பகுதிகள் உண்டு. குடத்தின் பின்புறம் பதிந்து நிற்பது தலை. தலையை அடுத்துள்ள கழுத்தில் நுண்ணிய வரிப்பற்கள் இருக்கும். இவை குடத்தின் துளைச் சுவரைக் கடித்துக் கொண்டு ஆணி சுழலாமல் தடுக்கின்றன. வெளியே நீண்டு நிற்பது மரையுள்ள தண்டு.

செயற்படும் முறை

மாட்டுவண்டியின் கடையாணி, சக்கரம் அச்சிலிருந்து வெளியே வராதபடி குறுக்கே நின்று தடுக்கிறது. சக்கர மரையாணியும் அவ்வாறே குறுக்கே நின்று வண்டியின் எடையைத் தாங்குவதாகப் பலர் கருதுகின்றனர். உண்மையில் இரண்டும் வேறு வேறு வழியில் செயற்படுகின்றன.

சுரையை இறுக்கும்போது மரையாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஆணி, விறைப்பான சுருள்வில்லைப் போலச் சுருங்க முயன்று, சக்கரத்தைக் குடத்தின் மேல் அழுத்துகிறது. இவ்வழுத்தத்தால் இரு பரப்புகளுக்கும் இடையே உண்டாகும் உராய்வே வண்டியின் எடையையும், பிரேக்கின் விசையையும், வளைவுகளில் எழும் பக்க விசையையும் சுமக்கிறது. உராய்வு போதிய அளவு உள்ளவரை ஆணி பக்கவாட்டில் வெட்டுப்படுவதில்லை. அழுத்தம் குறைந்தால் சக்கரம் குடத்தின் மேல் நுண்ணளவில் நழுவத் தொடங்குகிறது. அதன் பின் ஆணி ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் வளைந்து, உலோகச் சோர்வினால் முறிகிறது. ஆகவே, முறிந்த ஆணிகள் பலவற்றில் முதற்குறை ஆணியின் வலிமையில் இருப்பதில்லை. பிடிப்பு தளர்ந்ததிலேயே இருக்கிறது.

விசையின் அளவைப் பின்வரும் எளிய வாய்பாட்டால் மதிப்பிடலாம்.

இழுவிசை = முறுக்கு விசை ÷ (முறுக்குக் கெழு × ஆணியின் விட்டம்)

உலர்ந்த மரைக்கு முறுக்குக் கெழு ஏறத்தாழ 0.2 ஆகும். 1/2 அங்குல (12.7 மி.மீ.) ஆணியின் சுரையை 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் ஆணியில் ஏறத்தாழ 39,000 நியூட்டன், அதாவது சுமார் 4 டன் எடைக்குச் சமமான இழுவிசை உண்டாகும். ஐந்து ஆணிகளும் சேர்ந்து சக்கரத்தை 20 டன் அளவுக்கு அழுத்துகின்றன. உராய்வுக் கெழுவை 0.15 எனக் கொண்டால், நழுவலைத் தடுக்கும் விசை 3 டன் ஆகும். ஆட்களுடன் 2 டன் எடையுள்ள ஜீப்பு ஒன்றின் ஒரு சக்கரத்துக்கு வரும் எடை அரை டன் மட்டுமே. சரியாக இறுக்கப்பட்ட சக்கரத்தில் இவ்வாறு பெரும் பாதுகாப்பு இருப்பு உள்ளது. ஓர் ஆணி முறிந்துவிட்டால், முன்பு ஐந்து ஆணிகள் செய்த வேலையை நான்கு ஆணிகள் செய்ய வேண்டும்; ஒவ்வொன்றின் பங்கும் 25 விழுக்காடு கூடும்.

மரையில் எண்ணெய் பூசினால் இக்கணக்கு மாறிவிடும். கெழு 0.12 ஆக இறங்கினால், அதே 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இழுவிசை 65,000 நியூட்டனைத் தாண்டும். 8.8 வலிமை வகுப்பைச் சேர்ந்த இவ்வளவுள்ள ஆணி நிலையாக நீண்டு போகாமல் தாங்கும் எல்லை ஏறத்தாழ 60,000 நியூட்டன். துரு ஏறாதிருக்கட்டும் என்று பூசப்படும் எண்ணெயே ஆணியைக் கெடுத்துவிடக் கூடும். வாகனத்தின் கையேடு கூறினாலன்றி மரையில் எண்ணெயோ கிரீசோ பூசுவதில்லை.

வகைகள்

* அழுத்திப் பொருத்தும் மரையாணி: கழுத்தில் வரிப்பற்கள் உடையது. குடத்தின் பின்புறமிருந்து அழுத்திச் செருகப்படுகிறது. மிகப் பரவலாக உள்ள வகை.
* திருகிப் பொருத்தும் மரையாணி: இரு முனைகளிலும் மரை உடையது. குடத்தில் வெட்டப்பட்ட மரையில் திருகப்படுகிறது. பந்தய வண்டிகளில் காணப்படும்.
* சக்கரத் திருகு: தனிச் சுரை இல்லாமல், தலையுடன் கூடிய திருகே சக்கரத்தின் வழியாகக் குடத்துள் செல்லும். ஐரோப்பியத் தானுந்துகள் பலவற்றில் இம்முறை உள்ளது.

சுரை அமரும் பரப்பும் மூன்று வகைப்படும். அவை கூம்பு, கோளம், தட்டை என்பன. கூம்புச் சுரையைக் கோளக் குழியில் இறுக்கினால் அது மெல்லிய வளையம் ஒன்றில் மட்டுமே தொடும். முறுக்கு அளவி சரியான அளவைக் காட்டினாலும், சில கிலோமீட்டர் ஓடிய பின் அவ்வளையம் நசுங்கிப் பிடிப்பு தளரும். எனவே சக்கரம் மாற்றும்போது அதற்குரிய சுரையையும் மாற்ற வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் 5 1/2 அங்குல (139.7 மி.மீ.) வட்டத்தில் ஐந்து மரையாணிகள் இருந்தன. ஆணியின் விட்டம் 1/2 அங்குலம். அங்குலத்துக்கு 20 மரை. இடப்பக்கச் சக்கரங்களில் இடமரை பயன்படுத்தப்பட்டது. வண்டி முன்னோக்கி ஓடும்போது சுரை கழலும் திசையில் நகரக் கூடாது என்பதே இதன் நோக்கம். பழைய வண்டியொன்றில் சுரை கழல மறுத்தால், நீண்ட குழாயை மாட்டி வலிந்து திருப்பும் முன் அது இடமரையா என்று பார்ப்பது நல்லது.

நீளமான மரையாணி தேவைப்படும் இடங்கள்

எஃகுச் சக்கரத்தின் நடுத்தட்டு, ஆணித் துளைக்கருகில் சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. அலுமினியக் கலவைச் சக்கரம் (அலாய் வீல்) அதே இடத்தில் இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கும். எஃகுச் சக்கரத்துக்கென அமைந்த ஆணி, தடித்த சக்கரத்தின் துளைக்குள்ளேயே பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. சக்கரங்களை வெளியே தள்ளி வைப்பதற்காகவோ, அகலமான டயர் உட்புறம் உரசாதிருப்பதற்காகவோ இடைத்தட்டு (ஸ்பேசர்) சேர்த்தால் மீதி நீளமும் குறைகிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அடிக்கடி எழும் தேவையாகும். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட பிரித்தானிய எம்.ஜி.பி. வண்டியில், கம்பி ஆரச் சக்கரம் பூட்டிய வடிவத்தில் நடுவே ஒரே பெரிய சுரை இருந்தது. எஃகுச் சக்கரம் பூட்டிய வடிவத்தில் நான்கு 1/2 அங்குல மரையாணிகள் இருந்தன. பின்னதற்குத் தடித்த அலுமினியச் சக்கரம் பூட்டும்போது ஆணியின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். செருமானியப் போர்சே 911 வண்டியின் ஆணிகள் 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உடையவை. பழைய 911 வண்டிகளில் இடைத்தட்டு சேர்ப்போர், குடத்தைக் கழற்றி நீண்ட ஆணிகளை அழுத்திப் பொருத்துவது வழக்கம்.

நீளத்தால் மற்றொரு பயனும் உண்டு. மேலே கூறிய 39,000 நியூட்டன் இழுவிசையில், இழுபடும் பகுதி 10 மி.மீ. நீளமுள்ள ஆணி ஏறத்தாழ 0.018 மி.மீ. நீளும். 30 மி.மீ. நீளமுள்ளது 0.055 மி.மீ. நீளும். சக்கரத்துக்கும் குடத்துக்கும் இடையிலுள்ள வண்ணப்பூச்சு 0.01 மி.மீ. நசுங்கியது எனக் கொள்வோம். குட்டை ஆணி தன் இழுவிசையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். நீண்ட ஆணி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழக்கும். (மற்ற உறுப்புகளின் நெகிழ்வைச் சேர்க்காத எளிய கணக்கு இது.) ஆயினும் இடைத்தட்டு சேர்த்தால் நசுங்கக் கூடிய பரப்புகளின் எண்ணிக்கையும் கூடுகிறது என்பதை மறக்கலாகாது.

நீளத்தைக் கணக்கிடுதல்

சுரைக்குள் செல்லும் மரையின் நீளம் ஆணியின் விட்டத்துக்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. இதை அளவுகோல் இல்லாமலே சோதிக்கலாம். சுரையைக் கையால் திருகி, மரை பற்றியது முதல் சுரை சக்கரத்தில் அமரும் வரை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். 1/2 அங்குல ஆணியில் ஒரு சுற்றுக்குச் சுரை 1.27 மி.மீ. நகரும், ஆகவே குறைந்தது 10 சுற்று தேவை. 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள ஆணிக்கு 8 சுற்றும், 14 மி.மீ. விட்டமும் அதே இடைவெளியும் உள்ள ஆணிக்கு 9 1/2 சுற்றும் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1/2 அங்குல ஆணி ஒன்று சக்கரம் அமரும் பரப்பிலிருந்து 25 மி.மீ. வெளியே நீண்டிருப்பதாகக் கொள்வோம்.

* 5 மி.மீ. தடிப்புள்ள எஃகுச் சக்கரம்: எஞ்சும் மரை 20 மி.மீ. போதுமானது.
* 14 மி.மீ. தடிப்புள்ள அலுமினியச் சக்கரம்: எஞ்சுவது 11 மி.மீ. 9 சுற்றுக்கும் குறைவு, போதாது.
* அதே சக்கரத்துடன் 6 மி.மீ. இடைத்தட்டு: எஞ்சுவது 5 மி.மீ. 4 சுற்றுக்கும் குறைவு, இடர் மிகுந்தது.

மூன்றாம் நிலையில் தேவைப்படும் நீளம் 14 + 6 + 12.7 = 32.7 மி.மீ. ஆகும். ஆணியின் முனையிலுள்ள சரிவுக்காக ஏறத்தாழ 3 மி.மீ. கூட்டினால் 36 மி.மீ. வருகிறது. அதாவது பழைய ஆணியை விட 11 மி.மீ. நீளமான ஆணி வேண்டும். கூம்புச் சுரை துளைக்குள் சிறிது இறங்குவதால் உண்மையில் சில சுற்றுகள் கூடலாம். எனவே கணக்கிட்ட பிறகும் சுற்றுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான்கு சுற்றே பற்றிய சுரையும் முறுக்கு அளவியில் 100 நியூட்டன் மீட்டர் காட்டக் கூடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. அது இறுகியதாகவே தோன்றும். ஆனால் அந்த நான்கு மரைகள் தாங்கும் விசைக்கு எல்லை உண்டு.

அளவுக்கு மீறிய நீளமும் தீங்கானது. மூடிய தலையுடைய சுரைக்குள் ஆணியின் முனை முட்டிக் கொண்டால், சுரை சக்கரத்தை அழுத்தும் முன்பே இறுகிவிட்டது போலத் தோன்றும். நீண்ட ஆணிக்கு இருபுறமும் திறந்த சுரையே ஏற்றது. முனை வெளியே தெரிவதால் மரை முழுவதும் பற்றியுள்ளதைக் கண்ணாலும் காணலாம்.

பொருத்தும் முறை

1. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே சுரைகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ஜாக்கியால் தூக்கிய பின் வண்டியை உறுதியான தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யலாகாது.
2. சக்கரத்தையும், பிரேக் டிரம் அல்லது தட்டையும், தேவையானால் குடத்தையும் கழற்ற வேண்டும். பழைய ஜீப்புகளில் மரையாணியின் தோள் பிதுக்கி அடிக்கப்பட்டு டிரம்மைக் குடத்துடன் பிணைத்திருக்கும். அப்பிதுக்கத்தை முதலில் வெட்டி நீக்காமல் ஆணியைத் தள்ளினால் குடத்தின் துளை கிழிந்து பெரிதாகிவிடும்.
3. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் குடத்தைத் துளைக்கு அருகிலேயே தாங்கி, பழைய ஆணியை வெளித்தள்ள வேண்டும். சம்மட்டியால் அடித்தால் பேரிங் கெடும். குடத்தின் விளிம்பும் வளையும்.
4. பழைய ஆணியின் கழுத்து விட்டத்தையும் துளையின் விட்டத்தையும் அளந்து, புதிய ஆணி துளையை விடச் சிறிதே பெரிதாக உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். துளை தளர்ந்திருந்தால் ஆணியின் தலையைப் பற்றவைத்துச் சரிக்கட்டக் கூடாது. பற்றவைப்பின் வெப்பம் ஆணியின் பதத்தைக் கெடுத்துவிடும்.
5. புதிய ஆணியைத் தலை குடத்தின் பின்புறத்தில் முழுமையாகப் பதியும் வரை நேராக அழுத்த வேண்டும். பல பணிமனைகளில் வாஷர்களை அடுக்கிச் சுரையால் இழுத்துப் பொருத்துகின்றனர். இதற்கெனத் தனிச் சுரை ஒன்றை வைத்துக் கொண்டு கையால் இறுக்க வேண்டும். அச்சுரையை வண்டியில் பயன்படுத்தக் கூடாது. தலை முழுமையாகப் பதியாத ஆணி, ஓட்டத்தின்போது பதிந்து தன் இழுவிசையை இழக்கும்.
6. ஒரு சக்கரத்தின் எல்லா ஆணிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தலைகள் பின்தட்டில் உரசாமல் குடம் தடையின்றிச் சுழல்கிறதா எனக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.
7. அமரும் பரப்புகளிலுள்ள துரு, மண், தடித்த வண்ணப்பூச்சு ஆகியவற்றைக் கம்பித் தூரிகையால் நீக்க வேண்டும்.
8. எல்லாச் சுரைகளையும் கையால் திருகியபின், ஒன்று விட்டு ஒன்றாக, விண்மீன் வடிவில், இரண்டு மூன்று படிகளில் இறுக்க வேண்டும். இறுதிப் படியில் முறுக்கு அளவியைப் (டார்க் ரெஞ்ச்) பயன்படுத்தி, கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். காற்றழுத்தக் கருவி முறுக்கின் அளவைக் காட்டுவதில்லை.
9. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின், சக்கரம் குளிர்ந்திருக்கும்போது, மீண்டும் அதே அளவுக்கு இறுக்க வேண்டும்.

போடி மலைச்சாலையும் ஏலமலை ஜீப்புகளும்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊராகும். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் இங்கு நடைபெறுகிறது. ஏலத் தோட்டங்களில் பெரும்பாலானவை மலைக்கு மேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. மதுரையைக் கொச்சியுடன் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை (முன்பு எண் 49, இப்போது 85) போடியிலிருந்து முந்தல் வழியாக, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. இவ்வேற்றம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆகும். அங்கிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை போன்ற இடங்களுக்கும், பிரதான சாலையை விட்டு விலகித் தோட்டங்களுக்குள் செல்லும் கற்பாதைகளுக்கும் வழி பிரிகிறது. தோட்டத் தொழிலாளர் பலர் அடிவாரத்து ஊர்களிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் ஏறிச் சென்று மாலையில் திரும்புகின்றனர். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது 1940களின் இறுதியில் ஆகும். அவ்வழி வந்த பழைய ஜீப்புகள் இம்மலைகளில் நெடுங்காலமாக உழைத்து வருகின்றன.

இத்தகைய பாதை மரையாணிக்குக் கடுமையான சோதனையாகும். கொண்டை ஊசி வளைவில் எடை வெளிப்புறச் சக்கரங்களின் பக்கம் சாய்கிறது. கற்பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் பிடிப்பைச் சோதிக்கிறது. மழைக்காலச் சேறு சக்கரத்துக்கும் டிரம்முக்கும் இடையில் புகுந்து, டயர் மாற்றும்போது துடைக்கப்படாவிட்டால், பின்னர் நசுங்கித் தளர்வை உண்டாக்குகிறது.

இறக்கத்தில் வெப்பமும் சேர்கிறது. 2 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 2 கோடி ஜூல் ஆற்றலை இழக்க வேண்டும். இது 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான அளவு. கீழ்ப்பல்லில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்கும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், சக்கரத்துக்கும் குடத்துக்கும் இடையில் பிடிபட்டுள்ள டிரம் அதை ஏற்க வேண்டும். டிரம் சூடாகி விரிந்து, குளிர்ந்து சுருங்கும் ஒவ்வொரு முறையும் இடையிலுள்ள வண்ணமும் அழுக்கும் மேலும் நசுங்குகின்றன. சுரைகளைக் குளிர்ந்த நிலையில் சோதிக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

சமவெளியில் கழன்ற சக்கரம் வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தக் கூடும். ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளத்தாக்கும் உள்ள சாலையில் அவ்வாறு நிற்க இடமில்லை. தோற்றத்துக்காக அகலச் சக்கரமும் இடைத்தட்டும் பூட்டிய வண்டி, ஆட்களை ஏற்றி மலையேறும் முன், ஒவ்வொரு சுரையும் எத்தனை சுற்று பற்றியுள்ளது என்று எண்ணப்பட வேண்டும். அதற்குச் சில நிமிடங்களும் ஒரு வீல் ஸ்பேனரும் போதும்.

தளர்வின் அறிகுறிகள்

* சுரையின் அடியிலிருந்து வெளிநோக்கிப் பரவும் துருக் கோடுகள்.
* சுரை அமரும் இடத்தில் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு.
* சக்கரத் துளை வட்ட வடிவம் இழந்து முட்டை வடிவாதல்.
* மெதுவாகச் செல்லும்போது சக்கரத்தின் சுற்றுக்கேற்ப எழும் தட்டல் ஒலி.
* காரணமின்றித் தோன்றும் ஸ்டீயரிங் நடுக்கம்.

இவற்றில் ஏதேனும் தென்பட்டால் வண்டியை நிறுத்தி எல்லாச் சுரைகளையும் சோதிக்க வேண்டும். தளர்ந்து ஓடிய சக்கரத்தின் ஆணிகளை மீண்டும் இறுக்குவது மட்டும் போதாது. அவை ஏற்கெனவே வளைந்து சோர்ந்திருக்கக் கூடும் என்பதால் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. துளை முட்டை வடிவான சக்கரத்தையும் பயன்படுத்தக் கூடாது.

சட்டமும் வரம்புகளும்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆணியை அதே அளவும் வலிமையும் உள்ள ஆணியால் மாற்றுவது பழுதுபார்ப்பாகும். சக்கரத்தின் அளவையும் வண்டியின் அகலத்தையும் மாற்றுவது வேறு செயலாகும். அதைச் செய்யும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

நீளமான மரையாணி, குறைந்துபோன பிடிப்பை மட்டுமே மீட்டுத் தருகிறது. இடைத்தட்டினால் சக்கரம் வெளியே தள்ளப்படும்போது பேரிங்கின் மேல் கூடும் நெம்பு விசையையும், ஸ்டீயரிங் இணைப்புகளின் மேல் கூடும் சுமையையும் அது குறைப்பதில்லை. பாரமேற்றி மலையில் ஓடும் வண்டிக்கு, இடைத்தட்டு இல்லாத மூலச் சக்கரமும் சரியான அளவுக்கு இறுக்கிய மூல ஆணியுமே பெரும்பாலும் பொருத்தமானவை.